இடப்பக்கம் இழுத்த வண்டி

பிரேக் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் வைத்தவர் கெட்டிக்காரர். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அக்காவின் தொழில். பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், தனக்கென்று பொருத்திய இரண்டாவது பிரேக்கின்மேல் பாதத்தை வைத்தபடியே பாதி ஆயுளை ஓட்டிவிட்டார். சினிமாவுக்குப் போனாலும் அதே கதைதான். திரையில் லாரி ஒன்று வேகமாக வந்தால் அக்காவின் கால் முன் வரிசை நாற்காலியை ஓங்கி மிதிக்கும். மிதி வாங்கினவரிடம் மன்னிப்புக் கேட்பது வீட்டுக்காரரின் வேலை.

அக்காவுக்கு ஒரு கொள்கை உண்டு. ஸ்டீயரிங்கைத் தொடமாட்டார். தான் பிடித்தால் பழகுகிறவர் விட்டுவிடுவார் என்பது அவர் கட்சி. வண்டி சாக்கடையைப் பார்த்துப் போனாலும் வாயால் சொல்வார், காலால் நிறுத்துவார், கை மட்டும் மடியை விட்டு அசையாது. காலையில் வண்டியை எடுத்துவந்து முதல் ஆளின் வாசலில் நிறுத்துவது வீட்டுக்காரர். அவர் தையல்காரர்; அங்கிருந்து கடைக்கு நடந்து போய்விடுவார். சாயங்காலம் கடைசி ஆள் தையல் கடை வாசலில் இறங்கிக்கொள்ள, மறுபடி வீட்டுக்காரர்தான் வீடுவரை ஓட்டுவார். ஆக, சொந்த வண்டியின் ஸ்டீயரிங்கை அக்கா பிடித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அதில் அவருக்குப் பெருமை வேறு.

இந்தச் சமயத்தில்தான் நர்ஸ் ஒருத்தி பழக வந்தாள். நடமாட முடியாத நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை ஒன்று அவளுடைய ஆஸ்பத்திரியில் காலியாகியிருந்தது. அது கிடைத்தால் ராத்திரி ஷிப்ட் கிடையாது. பெண்குழந்தையைப் பக்கத்து வீட்டில் தூங்கவைக்க வேண்டியதில்லை. ஆனால் லைசென்ஸ் இருந்தால்தான் வேலை. அக்காவின் வண்டியிலேயே ஒருமுறை டெஸ்டுக்குப் போய், வண்டி இடது பக்கக் கோட்டைத் தாண்டியதால் தோற்றிருந்தாள். அடுத்த டெஸ்ட் வெள்ளிக்கிழமை. அதிலும் போனால் வேலை வேறொருத்திக்கு.

பழக வந்த புதிதிலேயே அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"வண்டி இடது பக்கம் இழுக்குதுக்கா."

"வண்டி மேல பழி போடாதம்மா. உன் பிடி தளர்வா இருக்கு."

அதற்குமேல் நர்ஸ் பேசவில்லை. மற்றவர்கள் எல்லாரும் அகப்பட்ட திருடனின் சட்டையைப் பிடிப்பதுபோல ஸ்டீயரிங்கைப் பிடித்தார்கள். அவர்களுக்கு வண்டி இழுப்பதும் தெரியவில்லை, இழுக்காததும் தெரியவில்லை. இவள் ஒருத்திதான் விரல்களால் தொட்டு ஓட்டினாள். டெஸ்டில் தோற்ற பிறகு அவளும் முறுக்கிப் பிடித்துப் பார்த்தாள். வண்டி ஓரத்துக்கும் நடுவுக்குமாக அலைந்தது. ஒருநாள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஊசி போடற கைக்கு ஸ்டீயரிங் வராது போலிருக்கு."

சொன்னதும் அக்கா சிரித்தார். நர்ஸ் சிரிக்கவில்லை. அடுத்த ஆளின் வாசல்வரை ஓட்டி, வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி, பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். இனிமேல் வரவில்லை என்று மறுநாள் காலை போனில் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

அக்கா முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். நர்சுக்கு ஒதுக்கிய அந்த ஒரு மணி நேரம் சும்மா கிடந்தது. அடுத்த ஆளோ ஊரின் மறுகோடியில். வீட்டுக்காரர் கடையில் கல்யாணத் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அக்கா ஸ்டீயரிங் பக்கம் வந்து உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

தபாலாபீசைத் தாண்டினால் நேர்ரோடு. அக்காவின் கை நல்ல கை; இறுக்கிப் பிடிக்காத கை. அதனால்தான் உடனே தெரிந்தது. வண்டி சொல்லாமல் கொள்ளாமல் இடது பக்கம் நகர்ந்தது. நேராக்கினார். மறுபடி நகர்ந்தது. அக்கா ஓரமாக நிறுத்தினார். நர்ஸ் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது. அதற்குத் தான் சொன்ன பதிலும் வந்தது.

அங்கிருந்து நேரே, சக்கரங்களின் கோணலைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனார். கடைக்காரர் வண்டியை லிப்டில் ஏற்றி, இடது முன்சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். டயரின் உள்ஓரம் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. ரிம்மின் விளிம்பில் ஒரு நெளிவு. சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையும் லேசாக வளைந்திருந்தது. எந்த நடைபாதைக் கல்லில் ஏற்றினீர்கள் என்று அவர் கேட்டார். அக்கா ஏற்றவில்லை. பழகுகிறவர்களும் ஏற்றியிருக்க முடியாது. ஏற்றவிட்டால் பிரேக் அக்கா என்ற பெயர் எதற்கு? மிச்சம் ஒரே ஓர் ஆள்தான்.

போனில் வீட்டுக்காரர் முதலில் மென்று விழுங்கினார். பிறகு எல்லாம் வெளியே வந்தது. மழை பெய்த ஒரு நாள் காலை, அக்காவை முதல் ஆளின் வாசலில் இறக்கிவிட்ட பிறகு குடையை மறந்த ஞாபகம் வந்து, அதே வண்டியில் வீட்டுக்கு அவசரமாகத் திரும்பும்போது தெருமுனைக் கல்லில் இடித்துவிட்டாராம். சட்டையில் கால் அங்குலம் கோணினாலும் பிரித்துத் தைக்கிற மனிதர், அன்றிலிருந்து தினமும் ஸ்டீயரிங்கை ஒருபக்கமாகப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார், வாயைத் திறக்காமல்.

"ஒரே நாள்ல நீயே கண்டுபிடிச்சு என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவேன்னு நெனச்சேன். நீ ஒண்ணும் சொல்லல. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அக்கா அவரைத் திட்டத்தான் வாயெடுத்தார். திட்டு வரவில்லை. அவர் மறைத்தார், சரி. ஆனால் ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாளே?

வளைந்த பாகத்தை மாற்றினார்கள். ஸ்டீயரிங் அசையாமல் கம்பி கொடுத்து நிறுத்தி, நாலு சக்கரத்திலும் கோணம் அளக்கும் தட்டுகளை மாட்டினார்கள். கடைக்காரர் அடியில் நின்று நட்டைத் திருகத் திருக, கம்ப்யூட்டர் திரையில் சிவப்பாக நின்ற எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. அக்கா நாற்காலி போட்டும் உட்காராமல் கடைசிவரை நின்று பார்த்தார். பிறகு மற்ற வகுப்புகளை எல்லாம் தள்ளிப்போட்டுவிட்டு நர்ஸ் வீட்டுக்கு ஓட்டினார்.

நர்ஸ் வாசலில் சீருடையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா சுற்றிவளைக்கவில்லை. சப்பைக்கட்டும் கட்டவில்லை.

"வண்டிதான் இழுத்திருக்கு. நீ சொன்னது சரி. நான் கேக்காம, உன் கையைக் குத்தம் சொன்னேன். மன்னிச்சிடும்மா."

நர்ஸ் கிளிப்பைக் கொடியில் குத்தினாள். "நான் என் கையைத்தான் சந்தேகப்பட்டேங்க்கா. ஆஸ்பத்திரில ஊசி போடும்போதுகூட ஒரு நிமிஷம் யோசிக்க ஆரம்பிச்சுட்டேன்."

அது அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. கொடியில் மிச்சமிருந்த துணியையும் போட்டு முடித்துவிட்டு, வருகிறேன் என்றாள் நர்ஸ். ஒரே ஒரு நிபந்தனை. அக்கா பிரேக்கின்மேல் கால் வைக்கக்கூடாது.

ஊரையே கேட்டிருந்தால்கூட அக்கா யோசிக்காமல் எழுதிக் கொடுத்திருப்பார். இதற்கு யோசித்தார். கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் இருக்கைமேல் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெல்ட் வயிற்றில் இறுக்கியது.

நேர்ரோடு வந்தது. இத்தனை நாள் இழுத்த வண்டியோடு பழகிய கை, இழுக்காத வண்டியையும் எதிர்த்துத் தள்ளியது. வண்டி வலப்பக்கம் சாய்ந்து நடுக்கோட்டைத் தொட்டது. தூரத்தில் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. அக்காவின் பெருவிரல்கள் மடக்கிய இடத்திலேயே துடித்தன. முழங்கால்களை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். வாயையும் திறக்கவில்லை. அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

நர்ஸ் பிடியைத் தளர்த்தினாள். வண்டி அதன் பாட்டுக்கு நேரானது. பஸ் கடந்து போனது.

"இப்ப இழுத்தது என் கைதாங்க்கா," என்றாள் நர்ஸ் ரோட்டைப் பார்த்தபடியே. "வண்டி இல்ல."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று அக்காவுக்குத் தோன்றியது. கண் கலங்கியது. காற்று அடிக்கிறது என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை டெஸ்டில் அக்காவின் இருக்கையில் அதிகாரி உட்கார்ந்தார். அக்கா மைதானத்துச் சுவரோரம் நின்றார். நர்ஸ் விரல்களால் தொட்டே ஓட்டி, கோட்டுக்குள் போய்க் கோட்டுக்குள் திரும்பி வந்தாள். சாயங்காலம் தையல் கடை வாசலில் வீட்டுக்காரர் வழக்கம்போல ஓட்டும் பக்கத்துக் கதவைத் திறக்கப் போனார். அக்கா அவரைத் தடுத்து அந்தப் பக்கம் உட்கார அனுப்பிவிட்டுத் தானே ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அன்றிலிருந்து காலையும் மாலையும் அக்காதான் ஓட்டுகிறார். பக்கத்தில் தையல்காரர் வாய் பேசாமல் உட்கார்ந்துவருகிறார். திருப்பம் வரும்போதெல்லாம் இரண்டாவது பிரேக்கை மிதிப்பது இப்போது அவர்தான்.