மொட்டைத் தலையோடு ரேணிகுண்டாவில் விமானம் ஏறினோம்

போன தை மாதம் ஐதராபாத்தில் என் தம்பி புது வீட்டில் பால் காய்ச்சினான். "பஸ்ஸும் வேணாம், ரயிலும் வேணாம். ரேணிகுண்டாவுல ப்ளேன் ஏறித்தான் வருவேன்" என்று எங்கள் அப்பா, நைனா, ஒற்றைக்காலில் நின்றார். எங்களுக்குப் பிச்சாட்டூர். அங்கிருந்து விமான நிலையம் காரில் ஒரு மணி நேரம்தான். ஆனால் நைனாவின் வீம்புக்குக் காரணம் தூரமில்லை, என் தாய்மாமன்!

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லைச் சண்டை ஓய்ந்து, 1960-ல் கோடு போட்டபோது திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. நாங்கள் ஆந்திராவில். மாமா திருத்தணிக்காரர். அம்மாவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து "ஆந்திராவுல உங்களுக்கு இன்னாய்யா கீது?" என்பதுதான் அவர் பாட்டு. எழுபதுகளில் ரேணிகுண்டாவில் விமானம் வரத் தொடங்கியதும் நைனா மார்தட்டினார். மாமா விடுவாரா? "உங்க ஏர்போர்ட்டுல ஆடுதான் மேயும். அதுல நீ ஏறிட்டாலும்!" என்றார். பந்திக்கு நடுவில் எழுந்த நைனா, "ஏறிக் காட்றேன். அதுக்கு முன்னாடி ஏழுமலையானுக்கு முடி குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

2015-ல் கருடன் சிறகு விரித்தது மாதிரி புது முனையம் வந்தது. சர்வதேச விமான நிலையம் என்ற பெயரும் பிறகு கிடைத்தது. நைனாவுக்குத்தான் வயலை விட்டு நகர நேரமில்லை.

முந்தின நாளே திருமலைக்குப் போய்த் தங்கினோம். விடிந்ததும் நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், நைனா பளபளவென்று நிற்கிறார். முடி இல்லை, மீசையும் இல்லை! ஆதார் படத்தில் அவருக்கு முறுக்கு மீசையும் காடு மாதிரி முடியும். உள்ளே விடாவிட்டால்?

"திரும்பி வந்து மொட்ட போட்டுக்கலாம்னு சொன்னேனே நைனா!"

"சாமிகிட்ட கடன வச்சிக்கினு மேல பறக்கச் சொல்றியா?"

மலையிலிருந்து விமான நிலையத்துக்குக் கார் வாடகை ஆயிரத்து இருநூறு. வழி நெடுக நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் பிரசாத லட்டைத் துன்னுகினு வந்தார். இன்றைக்குத் திருப்பி அனுப்பினால் சாகும்வரை மாமா சொல்லிக் காட்டுவாரே என்று எனக்குத்தான் பதற்றம்.

வாசலில் நின்ற காவலர் ஆதாரைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு தெலுங்கில் வேண்டுதல் கதையை ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"இக்கட அந்தரூ குண்டேனம்மா!"

இங்கே எல்லோரும் மொட்டைதானாம். திரும்பிப் பார்த்தேன். வரிசை முழுக்கச் சந்தனம் பூசிய தலைகள்! காவலர் நைனாவின் கண்ணையும் காதையும் படத்தோடு ஒத்துப் பார்த்து, பேரும் ஊரும் கேட்டார். "பிச்சாட்டூரு!" என்று நைனா போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பினார்கள். வேறெந்த ஊர் விமான நிலையத்தில் இந்த மரியாதை கிடைக்கும், சொல்லுங்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐதராபாத் ஒன்றேகால் மணி நேரம். தம்பி வீட்டில், ராத்திரி முழுக்க ரயிலில் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மாமா. நைனா மொட்டைத் தலையைத் தடவிக் காட்டினார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: திருமலையிலிருந்து நேரே வருவதானால் விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்பே கிளம்புங்கள், மலைப்பாதையில் வேகமாக வர விடமாட்டார்கள். டிக்கெட்டை ஒரு மாதம் முன்பே போட்டால் மலிவு. மொட்டைக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் அசல் அடையாள அட்டை கட்டாயம்.

ஊர் திரும்பும் நாளில் மாமா நைனாவின் பக்கத்தில் வந்து குந்தினார். "மச்சான், என்னால அந்த ரயில்ல முடியாது. எனக்கும் ஒரு டிக்கெட்டு போடச் சொல்லேன்" என்றார். இதற்காகவே காத்திருந்த மனுஷன் இப்போது கிழித்துத் தொங்கவிடப் போகிறார் என்று நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"போட்டாச்சு. ஜன்னலோரம் நீ குந்து" என்றார் நைனா.

ரேணிகுண்டாவில் இறங்கியதும் மாமா திருத்தணியில் அத்தைக்குப் போன் போட்டார். "எறங்கிட்டேன்டி. எங்கயா? நம்ம ஏர்போர்ட்டுலதான்!"