பெயிண்டர் எழுதிய பச்சை வரி

வேலையில் சேர்ந்த முதல் நாளே என் பெயரைப் பல நிறங்களில் பார்த்துவிட்டேன். கறுப்புத் திரையில் மஞ்சளில் ஒரு தடவை, நீலத்தில் ஒரு தடவை, சிவப்பில் ஒரு தடவை. போட்டுக் காட்டியவர் பக்கத்து நாற்காலிக்காரர்.

"எது எடுப்பா இருக்கு தம்பி? கூச்சப்படாம சொல்லு."

எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். திரையைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அப்பா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு, "எல்லாம் சரிடா, உன் பேரை எதுக்குத் திட்டின மாதிரி செவப்புல போட்டிருக்காங்க?" என்று போனில் கேட்டார்.

அந்த நாற்காலிக்காரரை எல்லோரும் பெயிண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. பார்சல் பிரிக்கும் கூடம் அது. கீழே நீளமான பெல்ட். அதில் வரும் பெட்டிகளை ஆட்கள் ஊர்வாரியாக எடுத்துச் சாக்கில் போடுவார்கள். மேலே கண்ணாடி அறையில் நாங்கள். முன்பெல்லாம் எங்கள் டெர்மினலில், அதாவது அந்தக் கறுப்புத் திரையில், எல்லாச் செய்தியும் வெள்ளையாகவே ஓடுமாம். பெல்ட் ஓடுகிறது என்பதும் வெள்ளை, பெல்ட் நின்றது என்பதும் வெள்ளை. ஒருவரும் படிக்கமாட்டார்கள். பெயிண்டர்தான் நின்ற பெல்ட்டுக்குச் சிவப்புக் கொடுத்தார். அன்றிலிருந்து மெக்கானிக் கூப்பிடாமலே ஓடி வந்தார்.

மேனேஜருக்கு அது பிடித்துப்போனது. "மெஷினுக்குப் போட்ட மாதிரி ஆளுங்களுக்கும் போடுய்யா" என்றார்.

பெயிண்டர் போட்டார். கூடத்துச் சுவரில் பெரிய திரை. சேர்ந்த வரிசைப்படி எல்லோர் பெயரும். சாதாரண வேகம் என்றால் வெள்ளை, மந்தம் என்றால் மஞ்சள், ரொம்ப மந்தம் என்றால் சிவப்பு, சுறுசுறுப்புக்குப் பச்சை. பச்சைக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு டீ இடைவேளை. வாரம் முழுக்கச் சிவப்பில் நின்றவர்கள் அடுத்த வாரம் வர வேண்டியதில்லை. எந்தச் சிவப்பு என்று தேர்ந்தெடுக்கவே அவர் ஒரு முழு நாளைச் செலவழித்தார். மங்கல் சிவப்பு வேண்டாம் என்று தள்ளினார். "கடைசி மூலையில நிக்கிறவன் கண்ணுலயும் குத்தணும்ல!"

முதலில் அது ஒரு கிழவரைக் குத்தியது. பிறகு பிள்ளை பெற்றுத் திரும்பி வந்த ஒரு பெண்ணை. இருவரும் போனார்கள். "ரூல்னா ரூல்தான் தம்பி" என்று பெயிண்டர் சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

அவர் மனைவியும் அதே பெல்ட்டில்தான் நின்றார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு உடைந்து, கட்டுப் பிரித்தபோது எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. திரும்பி வந்த வாரம் மஞ்சளில் நின்றார். அதற்கடுத்த வாரம் தொடக்கமே சிவப்பு.

சாக்குத் தைக்கும் பெண் சும்மா இருப்பாளா? "ஏன்க்கா, உங்க வீட்டுக்காரரு வீட்ல கை நீட்டவே மாட்டாராமே! அதான் இங்க வந்து செவக்க வைக்கிறாரா?"

கூடமே சிரித்தது. அண்ணியும் சிரித்துவைத்தார்.

மதியம் மேலே வந்தார். நான் இருப்பதைப் பொருட்படுத்தவில்லை.

"என்னங்க, ஏதாவது பண்ண முடியாதா?"

"கணக்குப் போடுறது மெஷின்மா. நான் என்ன பண்ணுவேன்?"

"மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

அவர் விசைப்பலகையில் தூசி ஊதினார்.

"இந்த வேலையும் போச்சுன்னா இந்தக் கைக்கு வேற எவன் வேலை குடுப்பான்? அதையாவது யோசிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வாரக் கடைசி நாளன்று பெயிண்டர் யோசித்துவிட்டார்.

டெர்மினலில் ஓர் எழுத்துக்கு நிறம் கொடுக்க, அதற்கு முன்னால் ஒரு குறியை அச்சிட வேண்டும்: இங்கிருந்து பச்சை என்று. எழுத்து முடிந்ததும் இன்னொரு குறி: போதும், பழையபடி ஆகு என்று. இரண்டாவதை விட்டுவிட்டால் நிறம் நிற்காது. திறந்துவிட்ட குழாய் மாதிரி கீழே உள்ள வரிகளிலெல்லாம் வழியும். கல்லூரியில் முதல் வருடப் பையன்கள் செய்யும் தப்பு. பெயிண்டர் அதைச் செய்ய வாய்ப்பே இல்லாதபடி, திறப்பதையும் மூடுவதையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருந்தார். ஆனால் அந்த இடம் வேகத்தைப் பார்த்துத்தான் நிறம் கொடுக்கும். மனைவியின் பெயருக்கு மட்டும் தனியாக, கையால், அவசரமாக ஒரு வரி எழுதினார். வெள்ளையில் விட்டிருந்தால் எந்தக் குறியும் தேவைப்பட்டிருக்காது. அவர் பச்சை கொடுத்தார். திறந்தார். மூடவில்லை.

எழுதிய கையோடு படியிறங்கிப் போய், மனைவியின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க நின்றார். திரையில் அவர் பார்த்தது அந்த ஒரு வரியைத்தான். அதற்குக் கீழே அன்று எல்லாப் பெயரும் வெள்ளையில்தான் இருந்தன, அத்தனையும் பச்சையாகிக்கொண்டிருந்தன. அண்ணிக்குப் பிறகு சேர்ந்தவர்கள்தான் கூடத்தில் முக்கால்வாசிப் பேர்.

சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார். "அடேங்கப்பா! என்ன சாப்பிட்டீங்க எல்லாரும் இன்னைக்கு?" ரூல்னா ரூல்தான். பச்சை முழுவதையும் டீ குடிக்க அனுப்பிவிட்டார்.

பெல்ட்டுக்கு டீ கிடையாது, அது ஓடியது. எடுக்க ஆளில்லாமல் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கடைசியில் தரையில் விழுந்து உடைந்தன. ஏதோ பாட்டில் நொறுங்கி எண்ணெய் ஓடியது. மேனேஜர் வந்தார், திரையைப் பார்த்தார், எந்தப் பெயரிலிருந்து பச்சை தொடங்குகிறது என்று பார்த்தார். அது யார் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கண்ணாடி அறைக்குப் பெயிண்டரையும் அண்ணியையும் வரவழைத்தார். கதவைச் சாத்தவில்லை, டீ குடித்துத் திரும்பியவர்கள் படிக்கட்டு வரை நின்றார்கள்.

"நீ படிச்ச பையன்தானே, இது என்னன்னு பாத்து சொல்லு" என்று என்னிடம் திரும்பினார். நான் வாய் திறப்பதற்குள் பெயிண்டரே சொல்லிவிட்டார்: "நான் எழுதினதுதான் சார்."

"சரி. நீயே அழி. அவங்க பக்கத்துல நின்னு பாக்கட்டும்."

பெயிண்டர் உட்கார்ந்தார். இரண்டு தடவை தப்பாக அடித்தார். "மெதுவா பண்ணுய்யா, அவசரமில்ல. உன் பொண்டாட்டி மாதிரியே மெதுவா பண்ணு" என்றார் மேனேஜர். படிக்கட்டில் சிரிப்பு. அந்த ஒரு வரி போனதும் கீழே இருந்த பச்சையெல்லாம் வெள்ளையானது. அண்ணியின் பெயர் சிவப்பானது. அவர் தேர்ந்தெடுத்த அதே சிவப்பு.

"இப்ப இவங்களைப் போகச் சொல்லு. நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு. இல்லைன்னா ரெண்டு பேரும் கெளம்புங்க."

பெயிண்டர் திரையைப் பார்த்துக்கொண்டே, "போ" என்றார்.

அண்ணி அழவில்லை. "பச்சை யாருங்க கேட்டா உங்கள? வெள்ளையில விட்டிருந்தா பொழச்சிருப்பேன்ல" என்றார். பெயர் அட்டையைக் கழுத்திலிருந்து ஒற்றைக் கையால் கழற்ற வரவில்லை. யாரும் உதவவில்லை, நின்ற இடத்தில் நின்றபடி தலையைக் குனிந்து, பல்லால் இழுத்துக் கழற்றினார். படிக்கட்டில் வழிவிட்டார்கள். "எங்க டீயையும் சேத்துக் கெடுத்துட்டியே தாயி" என்றாள் சாக்குத் தைப்பவள்.

அண்ணி இப்போது தங்கை வீட்டில் இருக்கிறார். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதலில் கையைத்தான் பார்த்தார்களாம். இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. பெயிண்டர் அதே நாற்காலியில் இருக்கிறார். போன மாதம் பதவி உயர்வு கொடுத்தார்கள். அவர் எழுதிய திரை இப்போது வேறு இரண்டு கூடங்களிலும் ஓடுகிறது. சாப்பாட்டை வெளியே வாங்கிச் சாப்பிடுகிறார்.