காலி ஹாலில் ஒரு நாற்காலி

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. வீடு மாற்றுகிறவர்களுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன் அதையெல்லாம் நம்பினால் சோறு கிடைக்காது. ஒருத்தர் தூக்குப் போட்டுக்கொண்ட ஃபேனையே கழற்றி, வேறு வீட்டில் மாட்டி, அதன் காற்றிலேயே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டவன் நான். அதனால் இதைக் கேட்டுவிட்டு, ‘சவரி அன்றைக்குத் தண்ணியில் இருந்திருப்பான்’ என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு நான் குடிக்கவில்லை. அப்பா பைபிளில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தார்.

காரணம் என் தங்கை ஸ்டெல்லா. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், ஸ்டெல்லாவும் டீச்சர், நான் மட்டும் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். அவளைப் பார்க்க வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும் தலையாட்டுவார்கள், என்னைப் பார்த்ததும் “கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்று கிளம்பிவிடுவார்கள். இந்தத் தடவை வந்த மாப்பிள்ளை ஜெரால்டை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவருக்கும் அப்படித்தான். அவருடைய அம்மா சரி என்று ஒரு வார்த்தை சொல்வதுதான் பாக்கி.

“டேய், வாயத் தொறக்காத. சிரிக்காத. முடிஞ்சா மூச்சும் விடாத” என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெரால்டும் அவருடைய அம்மாவும் கோச்சடையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்தம்மா உள்ளே காலை வைத்ததுமே சுவர், உத்தரம், மூலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “இந்த வீட்ல முன்னாடி யாரு இருந்தா?” என்று கேட்டார். நாங்களே கட்டிய வீடு என்று அப்பா சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். பேய் என்றால் அம்புட்டு பயம். நாய் ஊளையிட்டது என்பதற்காக ஒரு சம்பந்தத்தையே வேண்டாமென்று சொன்னவராம்.

ஜெரால்டு பையிலிருந்து ஒரு வி.ஆர். கண்ணாடியை எடுத்தார். நீச்சல்காரன் கண்ணாடியை ஊதிப் பெருக்கியது மாதிரி இருந்தது. சென்னையில் அவர் வாங்கப்போகிற ஃப்ளாட் இன்னும் கட்டி முடியவில்லை. ஆனால் கண்ணாடிக்குள் அது முழுசாக இருக்கிறது, அதை எங்கள் வீட்டின் மேல் பொருத்தி வைத்தால் ஸ்டெல்லா அதற்குள் நடந்தே பார்க்கலாம் என்றார்.

“உங்க ஹாலும் எங்க ஹாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுண்ணே. இந்த ரெண்டு மூலையத் தொட்டுக் காட்டிட்டா போதும், அந்த வீடு அப்படியே வந்து உக்காந்துரும். வழியில சாமான் மட்டும் இருக்கக் கூடாது.”

சாமான் என்றால் நான்தானே. சோபா, டீப்பாய், டிவி ஸ்டாண்டு, விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த நாற்காலி வரைக்கும் எல்லாவற்றையும் தெருவில் கொண்டுபோய் வைத்தேன். மேட்ச் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு பாய் எழுந்து வந்து, “என்ன மாப்ள, ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டாரா?” என்றார். “நாங்கதான்ணே ஓனரு” என்றேன். “அப்புறம் யாரு சொன்னா?” என்றார்.

கண்ணாடியோடு வந்த கைப்பிடியால் மூலையைத் தொடுகிற வேலையும் எனக்கே வந்தது. ஒரு மூலையில் இயேசுவின் திரு இருதய சுரூபம் இருந்தது. “அந்தக் கருமத்தக் கொண்டுபோய் சாமி மேல இடிக்காத” என்று அம்மா கத்தியதில் ஒரு சாண் தள்ளித் தொட்டுவிட்டேன். ஃப்ளாட் கோணலாக உட்கார்ந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பால்கனிக்குப் போகிறேன் என்று நடந்த ஜெரால்டு எங்கள் பாத்ரூம் கதவில் நெற்றியைக் கொடுத்தார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி வெந்துவிட்டேன். அம்மா ஜெபம் சொல்லி சுரூபத்தை நகர்த்தினாள், மறுபடியும் தொட்டேன், இந்தத் தடவை கச்சிதமாகப் பொருந்தியது.

முதலில் ஸ்டெல்லா மாட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்தாள். “நல்லாருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு, கழற்றிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தம்மா தலைசுற்றும் என்று மறுத்துவிட்டார். அடுத்து நான்.

நம்புங்கள் நம்பாமல் போங்கள், உள்ளே மாளிகை. வெள்ளைச் சுவர், பெரிய ஜன்னல், ஜன்னல் ஓரத்தில் கை வைத்த ஒரு மர நாற்காலி. பிரம்பு பின்னியது, இந்தக் காலத்தில் கிடைக்காத சரக்கு. காலையிலிருந்து சோபா தூக்கிய இடுப்பு அதைப் பார்த்ததும் கெஞ்சியது. போய் உட்கார்ந்தேன். கால் மேல் கால் போட்டேன்.

“மாப்ள, சேரு அருமை!”

அப்பா ரொம்பச் சின்னக் குரலில், “டேய் சவரி, எந்திரி” என்றார். பெரியவர்கள் முன்னால் கால் மேல் கால் போட்டதற்குத்தான் திட்டுகிறார் என்று காலை இறக்கிவிட்டு அப்படியே சாய்ந்துகொண்டேன். முதுகுக்கு இதமாக இருந்தது.

“அண்ணே,” என்று கிட்டே வந்தார் ஜெரால்டு, “எந்தச் சேரு? நான் அந்த வீட்டுக்குள்ள ஒரு சாமானும் வைக்கலையே?”

கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் ஹால். துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. என் பின்பக்கத்துக்கும் தரைக்கும் நடுவே காற்று மட்டும்தான். அதைப் பார்த்த மாத்திரத்தில் விழுந்தேன் பாருங்கள், அடுப்படியில் தட்டு அதிர்ந்தது.

அந்தம்மாவின் முகம் வெளுத்திருந்தது. கை கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டது. போச்சு, இந்தச் சம்பந்தமும் என்னால்தான் போகப்போகிறது என்று புரிந்தது. வாயைத் திறக்காதே என்ற கட்டளையை மீறினேன்.

“எக்சர்சைஸ்ங்கம்மா. சேரில்லாம உக்கார்றது. தெனமும் பண்ணுவேன், தொடைக்கு நல்லது.”

அந்தம்மா என் தொப்பையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடியும் தொப்பையைப் பார்த்தார்.

“தெனமுமா?”

“ரெண்டு வேளை.”

முதலில் ஜெரால்டு சிரித்தார், அப்புறம் அந்தம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “இந்த மாதிரி ஒரு மச்சான் இருந்தா எம் மகன் மூஞ்சியிலயும் கொஞ்சம் சிரிப்பு வரும்” என்று சொல்லிவிட்டு, ஃபாதரிடம் தேதி கேட்கச் சொன்னார். அப்பா என்னைக் கட்டிப்பிடித்தார். நான் பிறந்தபோதுகூட அப்படிப் பிடித்திருக்க மாட்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஜெரால்டு அந்தக் கண்ணாடியை எத்தனையோ தடவை மாட்டிப் பார்த்துவிட்டார், நாற்காலி எதுவும் இல்லை. ‘மெஷின் கோளாறு’ என்கிறார். மெஷினுக்குக் கோளாறு வரலாம் மாப்ள, என் இடுப்புக்குமா?

போன கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லா வந்திருந்தாள். முறுக்குப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

“அண்ணே, எக்சர்சைஸ்னு சொன்னது பொய்தான?”

“பின்ன என்ன, உண்மையா?”

“நானும் அந்தச் சேரப் பாத்தேன்.”

“அடிப்பாவி! அப்பவே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா அவங்கம்மா எந்திரிச்சுப் போயிருப்பாங்க. எனக்கு அவரு வேணும்னு இருந்துச்சு.”

“சரி, நீயும் உக்காந்தியா?”

“எப்படிண்ணே உக்கார்றது? நான் பாத்தப்ப அதுல ஆளு இருந்துச்சே.”

முறுக்கு அச்சு அவள் கையிலேயே நின்றது. யார், என்ன, ஆணா பெண்ணா என்று கேட்டேன். ஒரு பெரியவர், முகம் சரியாகத் தெரியவில்லை, அவளைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து ஓரமாக நின்றுகொண்டார் என்றாள். அதற்கு மேல் பார்க்கப் பயந்துதான் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறாள். உடனே அதை வாங்கி மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தவன் நான்.

பேயை நான் இப்பவும் நம்புவதில்லை. ஆனால் கால் மேல் கால் போட்டு, சேர் அருமை என்று சொல்லிச் சாய்ந்திருந்த அவ்வளவு நேரமும் ஒரு வயசான மனுஷன் என் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். நான் எழுந்து இடம் விடவே இல்லை.