எட்டாத உயரத்தில் புள்ளி எழுத்து

பேருந்து நிலையத்தில் பலகை மாட்டுகிறவரை எல்லோரும் ஏணிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு ஒரே கொள்கை: பலகை என்றால் கைக்கு எட்டக்கூடாது. எட்டினால் எவனாவது மீசை வரைந்துவிடுவான். இதுவரை வரைந்தது யார் என்ற விசாரணை இங்கே வேண்டாம்.

போன வாரம், பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துத் தகடுகள் வந்தன, நடைமேடைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு. மனிதர் பன்னிரண்டையும் பொறுப்பாக ஏணி போட்டு, ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே அரை ஆள் உயரத்தில் தூண்களில் முடுக்கிவிட்டு, துணியால் துடைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

வீட்டில் மூன்று நாள் இதே பெருமைதான். கேட்டுக் கேட்டுப் பூரித்துப்போனது அவருடைய மச்சினன். பிறவியிலேயே கண் தெரியாது. வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு. திங்கட்கிழமை அவனுக்கு நேர்முகத் தேர்வு. ஏழாம் நடைமேடை, ஒன்பது மணிப் பேருந்து. அதை விட்டால் வேலை அம்பேல். துணைக்கு வருகிறேன் என்ற அக்காவிடம், மாமா மாட்டிய தகடு இருக்கத் துணை எதற்கு என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டான்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம். நிலையத்தின் மறுகோடியில் வேலையாக இருந்த ஏணிக்காரர் திரும்பிப் பார்த்தார். மச்சினன் ஒரு தூணை அடியிலிருந்து கழுத்துவரை தடவிக்கொண்டிருந்தான். வரிசையில் நின்ற அம்மா ஒருவர் தன் பையை மெதுவாக நகர்த்திக்கொண்டார். ஏணிக்காரர் ஏணியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார்.

"மாமா, தகடு எங்க?"

"மேல இருக்கு மச்சான்."

"எவ்வளவு மேல?"

ஏணிக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"ஒட்டகச்சிவிங்கி படிக்கவா மாட்டுனீங்க?"

எந்த நடைமேடை என்று சொல்லிவிடுகிறேன் என்றார். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க சொன்னா துணைக்கு வந்த கணக்கு ஆயிடும். நான்தான் படிக்கணும்."

ஏணிக்காரர் குந்தினார். தேய்த்த சட்டையும் கோப்புமாக மச்சினன் தோளில் ஏறினான்.

"எட்டு. பக்கத்துத் தூணுக்குப் போங்க."

இறக்கிவிட நேரமில்லை. அப்படியே தள்ளாடிப் போனார், கூட்டம் வழிவிட்டது. கிளப்பிய வண்டியை ஓட்டுநர் நிறுத்தி, இரண்டு மாடி மனிதனை வாய்பிளந்து பார்த்தார்.

"ஏழு!"

தோளிலிருந்து இறங்கிப் பேருந்தில் படியேறிய மச்சினன் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அக்கா கேட்டா தனியாத்தான் வந்தேன். அவங்க வாயில நீங்க மாட்டிக்காதீங்க. ஆனா சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் இறக்குங்க."

பேருந்து போனது. ஏணிக்காரர் எட்டாம் நடைமேடைக்கே திரும்பி வந்து, தூணுக்கு முன்னால் கண்ணை இறுக மூடி நின்று கையை நீட்டினார். விரல் பட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

அந்த அம்மா பையை இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.