துவாய் அறையின் கதவு

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஒஸ்லோவில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஒரு பிரித்தானியக் கடற்படை அதிகாரி இருந்தார். நோர்வேக்காரியைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். தொண்ணூறு வயதிலும் சவரம் செய்யாமல் காலைச் சாப்பாட்டுக்கு வரமாட்டார். எந்தக் கதவை மூடினாலும் எழுந்துபோய் அதில் காதை வைத்துக் கேட்பார்.

"அக்கா, அவர் நிக்கேக்கை கதவைச் சாத்தாதேங்கோ," என்றாள் கூட வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "ரெண்டாம் உலகச் சண்டையிலை கப்பலுக்கை தண்ணி வர, ஆக்கள் உள்ளுக்கை இருக்கேக்கையே கதவைப் பூட்டச் சொன்னவராம். மகள்தான் சொன்னவ. கப்பல் தப்பிட்டுது. அதுக்குப் பதக்கமும் குடுத்தவையாம்."

ஒருநாள் நான் மறதியில், குளிப்பாட்டித் துடைக்கும் துவாய்களை அடுக்கிவைக்கும் அறையைச் சாத்திவிட்டேன். அவர் கதவில் காதை வைத்தபடி, "தட்டுகிறார்கள், திற," என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார். ஓடிப்போய் அகலத் திறந்து காட்டினேன்.

"பாருங்கள், உள்ளே ஒருவரும் இல்லை," என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

மடித்த துவாய்களை மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிந்திவிட்டோம்," என்றார்.

அந்தக் கதவை மூடுவதா, திறந்தபடி விடுவதா என்று தெரியாமல் நின்றேன்.