நாக்கில் ஒட்டிய எலும்பு

எண்பதுகளில் அருங்காட்சியகப் படிப்பில் எம்.ஏ. படித்தபோது, அரியலூர்ப் பக்கம் காய்ந்த ஓடையில் ஒரு எலும்பைக் கண்டெடுத்தேன். கல்லாகிப்போன எலும்பு நாக்கில் ஒட்டும் என்பது எங்கள் பாடம். நக்கிப் பார்த்தேன், ஒட்டியது.

"அய்யோ சார்! வெறிநாய அடிச்சு அங்கதான் பொதைச்சாங்க!" என்று கத்தினார் ஆடு மேய்த்த அக்கா.

படித்ததெல்லாம் பறந்துபோனது. குரைத்துவிடுவேனோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஆடு கெடக்கட்டும், வாங்க சார்" என்று ஆஸ்பத்திரிவரை கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

டாக்டர் எலும்பை மேசையில் தட்டினார். கணீரென்றது. "இந்த நாய் செத்துக் கோடி வருசம் ஆச்சுய்யா!"

நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "அப்ப உசுருக்கு ஒண்ணும் இல்லல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் ஆடு தேடப் போனார்.

என் அம்மாவைத் தவிர இன்னொருவர் எனக்காகப் பயந்ததை அன்றுதான் பார்த்தேன்.