தொண்ணூற்றொன்பதாம் நாள் பாராயணம்

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர் கார்த்திகேசு. அவர் டிக் போடாத பொருள் கேட்டைத் தாண்டாது. ஓய்வு பெற்றபின் டிக் போட ஒன்றுமில்லாமல் ஜெலுத்தோங்கிலிருந்த தம் ஃப்ளாட்டில் தவித்துப் போனார். அப்போதுதான் பகவான் சொன்ன பதினெட்டு அத்தியாயங்கள் அவர் கண்ணில் பட்டன.

வாட்ஸாப்பில் குழு தொடங்கினார். பதினெட்டுப் பேர், ஆளுக்கு ஓர் அத்தியாயம். தினமும் படித்துவிட்டுக் கும்பிடும் கைப் படத்தைக் குழுவில் அனுப்ப வேண்டும்; அவர் பட்டியலில் டிக் போடுவார். ஒருவர் தவறினாலும் மறுபடி முதல் நாளிலிருந்துதான். மாற்று ஆள் கிடையாது. நூறு நாள் விடாமல் நடந்தால் கோயில் மண்டபத்தில் அவருக்குப் பொன்னாடை என்று பேச்சு.

தமக்கென்று அவர் எடுத்துக்கொண்டது பதினைந்தாவது, இருபதே சுலோகம். "அது எனக்கு மனப்பாடம்லா, புத்தகமே தேவயில்ல" என்று குழுவில் பெருமையடித்திருந்தார். மேற்பார்வை வேலை தலைக்கு மேல் இருந்ததால் படிக்கத்தான் நேரமில்லை. கும்பிடும் கை மட்டும் காலை ஆறு மணிக்கே போய்விடும்.

தொண்ணூற்றொன்பதாம் நாள், பதினோராவது அத்தியாயக்காரி ரமணியின் அம்மா இறந்துபோனார். செய்தியைப் பார்த்ததும் கார்த்திகேசுவுக்குப் பகீரென்றது. பாவம் ரமணி என்று நினைத்தார். அதற்கு முன்பே பதினோராவது என்னாகும் என்று நினைத்துவிட்டார். தீட்டு வீட்டில் விளக்கைக்கூடத் தொடக் கூடாதென்று போன மாதம்தான் குழுவுக்கு நீண்ட உபதேசம் அனுப்பியிருந்தார். இன்றைக்கு அந்தச் சட்டம் கொஞ்சம் கடுமையாகப் பட்டது.

ரமணியின் ஃப்ளாட்டுக்குக் கீழே கூடாரம் போட்டு, கிழவியைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். கார்த்திகேசு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ரமணியிடம் குனிந்தார்.

"மனச தேத்திக்கம்மா. சாமி விஷயத்துக்குத் தீட்டெல்லாம் இல்ல. பதினோராவத மட்டும் சட்டுனு படிச்சிட்டு ஒரு மெசேஜ் போட்டுரும்மா."

ரமணி நிமிர்ந்து பார்த்தாள். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"சரிண்ணே. அதுக்கு முன்னால உங்க பதினஞ்சாவத எங்கம்மாவுக்குச் சொல்லிருங்க. உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே."

கூடாரத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கார்த்திகேசு கைகூப்பிக் கண்ணை மூடினார். முதல் அடி வந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. மூன்றாவது எட்டியே பார்க்கவில்லை. தொண்ணூற்றொன்பது கும்பிடும் கைகளில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"தொண்ட கட்டிருச்சும்மா" என்றார்.

ரமணி எழுந்துபோய்த் தாயின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். குரல் உடைய உடைய, இருபது சுலோகத்தையும் தானே சொல்லி முடித்தாள். பெட்டிக்குள் தானே படுத்திருக்கலாம் போலிருந்தது கார்த்திகேசுவுக்கு. அவ்வளவு அவமானம்.

"உங்களது முடிஞ்சிருச்சுண்ணே" என்றாள் ரமணி. "டிக் போட்டுக்குங்க."

வெட்கக்கேடு என்னவென்றால், காரில் ஏறியதும் போட்டார். பதினோராவதுக்கும் சேர்த்துத்தான்.